ஆயிரம், சூன்யம், ஐந்து

ஜப்பானியச் சித்திரக்கதைக்கு மாங்கா என்று பெயர். இந்தச் சொல்லை நம் வட்டத்தில் உச்சரித்தால் உடனே யாராவது உப்பையும் மிளகாய்ப்பொடியையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அந்த ஹாஸ்யம் அடங்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டியிருக்கிறது. ஹிரோஷிமா மாங்கா, சாமுராய் மாங்கா என்றாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சும். நான் விரும்பிப் படிப்பது காதல் நகைச்சுவை. ஒருவனும் ஒருத்தியும். இருவருக்கும் பரஸ்பரம் பிடித்திருக்கிறது. அது வாசகனுக்குத் தெரியும், அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும், வாசலில் படுத்திருக்கும் நாய்க்குக்கூடத் தெரியும். அவர்கள் மட்டும் சொல்லிக்கொள்வதில்லை. இப்படியே பதினைந்து, இருபது, முப்பது தொகுதிகள். இவற்றை வைத்து டெலிவிஷனுக்காக வரையப்படும் அனிமே தொடர்கள் இன்னும் நீளம். பலவற்றைப் படித்தும் பார்த்தும் இருக்கிறேன். பெரும்பாலானவை குப்பை. தெரிந்தே ஏன் படிக்கிறாய் என்று ஒரு நண்பர் கேட்டார். இரண்டு மூன்று மட்டும் குப்பை இல்லை, அவை செய்திருக்கும் காரியத்தை நாம் மதிக்கிற இலக்கிய வகைகள் செய்ததாக எனக்குத் தெரியவில்லை என்றேன். அவர் நம்பவில்லை. அவருக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

தாமதம்தான் இந்த வகையின் உருவம். இதற்கு ஒரு லௌகீகக் காரணம் உண்டு, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. மாங்கா வாரப் பத்திரிகைகளில் தொடராக வருகிறது. 'ஷோனென் ஜம்ப்' போன்ற பத்திரிகை வாசகர்களிடம் கார்டு வாங்கி எந்தத் தொடர் பிடித்தது என்று எண்ணிப் பார்க்கிறது. பிடிக்காத தொடர் சில மாதங்களில் நின்றுவிடும். பிடித்த தொடரை முடிக்க விடமாட்டார்கள். நாயகன் பத்தாவது வாரமே தன் மனதைச் சொல்லிவிட்டால் பதினோராவது வாரம் கடையை எப்படித் திறப்பது? தொடர்கதை என்றாலே மூக்கைச் சுளித்துப் பழகிய நமக்கு இது புதிய சமாசாரம் இல்லை. கிணற்றுக்கட்டையில் நாயகியைத் தொங்கவிட்டு 'தொடரும்' போட்ட வாரப்பத்திரிகைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாமும்.

ஆனால் வியாபாரம் கேட்ட தாமதத்தைக் கலைஞன் என்ன செய்கிறான் என்பது தனிக் கேள்வி. அதைத் தந்திரமாகவே வைத்துக்கொள்ளலாம். அல்லது, மனிதர்கள் உண்மையிலேயே எவ்வளவு தாமதமாக ஒருவரையொருவர் சென்றடைகிறார்கள் என்பதை எழுத அதையே சந்தர்ப்பமாக ஆக்கிக்கொள்ளலாம்.

ஜப்பானில் இந்தத் தாமதத்துக்குச் சமூகத் தளமும் இருக்கிறது. அங்கே 'கொகுஹாகு' என்று ஒரு சம்பிரதாயம். உன்னைப் பிடித்திருக்கிறது என்று வாய்விட்டு, நேருக்கு நேர் சொல்லிவிடுவது. உறவு அந்தச் சொல்லிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. பத்திரப் பதிவு மாதிரி. அதற்கு முன்னால் எத்தனை முறை சேர்ந்து நடந்திருந்தாலும், ஒரே குடையில் நனைந்திருந்தாலும் அவை கணக்கில் சேராது. 'சுகி' என்ற அந்த ஒரு சொல் இட்லி பிடிக்கும் என்பதற்கும் ஆகும், உயிரை விடுவேன் என்பதற்கும் ஆகும். அவ்வளவு சின்னச் சொல், அவ்வளவு பெரிய செயல். சொல்லத் தயங்குவதில் ஹாஸ்யமும் இருக்கிறது, பயமும் இருக்கிறது.

ரூமிகோ தகாஹாஷி 1957-இல் பிறந்தவர். கல்லூரியில் படிக்கும்போதே, 1978-இல், 'உருசேய் யாத்சுரா' என்ற தொடரை ஆரம்பித்தார். வேற்றுக்கிரகத்துப் பெண் லம், புலித்தோல் உடையில் பறந்து வந்து, அதாரு என்ற பெண்பித்தனைப் புருஷன் என்று வரித்துக்கொள்கிறாள். அவன் அகப்பட்ட பெண்கள் பின்னால் எல்லாம் ஓடுகிறான், அவளைப் பார்த்து மட்டும் பிடித்திருக்கிறது என்று சொல்ல மறுக்கிறான். ஒன்பது வருஷம், 34 தொகுதிகள். பள்ளிக்கூடம் முடிவதே இல்லை. கோடை வருகிறது, பனி வருகிறது, மறுபடி கோடை. யாருக்கும் ஒரு வயதும் கூடுவதில்லை. 1987-இல் தொடர் முடியும்போது, அவன் சொல்லாவிட்டால் எல்லோருடைய நினைவும் துடைக்கப்பட்டுவிடும் என்ற நெருக்கடி. அப்போதும் சொல்லவில்லை. கட்டாயத்தில் வருகிற சொல் எப்படி உண்மையாகும் என்பது அவன் கட்சி. சாகிற நேரத்தில் சொல்கிறேன் என்கிறான். தொடர் முடிந்துவிடுகிறது.

இந்த நின்றுபோன காலத்தை மமோரு ஓஷீ கவனித்துவிட்டார். அனிமே தொடரை இயக்கிக்கொண்டிருந்த அவர் 1984-இல் 'பியூட்டிஃபுல் ட்ரீமர்' என்று ஒரு திரைப்படம் எடுத்தார். பள்ளி விழாவுக்கு முந்தைய நாள் திரும்பத் திரும்ப வருகிறது. விழா வரவே மாட்டேன் என்கிறது. ஊர் வெறிச்சோடிப் போகிறது. இந்தச் சந்தோஷம் என்றைக்கும் இப்படியே இருக்கட்டும் என்று ஆசைப்படுகிறவளின் கனவுக்குள் எல்லோரும் சிறைப்பட்டிருக்கிறார்கள். காதல் நகைச்சுவை என்ற வகையைப் பற்றி எழுதப்பட்ட விமர்சனங்களிலேயே சிறந்தது இந்தப் படம் என்பேன். அது படமாக இருப்பது ஒரு சௌகரியம்.

தகாஹாஷி அதே வருஷங்களில், அதே கையால், இதற்கு நேர் எதிரான ஒன்றையும் வரைந்துகொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 'மெய்சோன் இக்கொகு'. 1980-இல் 'பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்' என்ற புதிய பத்திரிகையின் முதல் இதழிலேயே தொடங்கி 1987-இல் முடிந்தது. 15 தொகுதிகள். சிறுவர் பத்திரிகையில் லம் பறந்துகொண்டிருந்தாள். பெரியவர்கள் பத்திரிகையில் ஒரு விதவை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

பழைய மர வீடு ஒன்று, அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. மேலே கடிகாரக் கோபுரம். கடிகாரம் ஓடுவதில்லை. ஐந்தாம் எண் அறையில் கோதாய். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தோற்று மறுபடி படித்துக்கொண்டிருப்பவன். படிக்க விடாமல் அக்கம்பக்கத்து அறைக்காரர்கள் தினம் இரவு அவன் அறையிலேயே உட்கார்ந்து குடித்துக் கும்மாளம் போடுகிறார்கள். தாங்க முடியாமல் வீட்டைக் காலி செய்யப் புறப்படுகிற அன்று புதிய மானேஜர் வந்து சேருகிறாள். கியோகோ ஒதோநாஷி. அவனை விட இரண்டு வயது மூத்தவள். கோழிக்குஞ்சுப் படம் போட்ட ஏப்ரன், கையில் துடைப்பம், பக்கத்தில் ஒரு கிழட்டு வெள்ளை நாய். அவன் பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்துவிடுகிறான். அவள் விதவை என்பது அவனுக்குப் பிறகுதான் தெரிகிறது.

பெயர்களில் தகாஹாஷி ஒரு சின்ன விளையாட்டு விளையாடியிருக்கிறார். சீன எழுத்துக்களில் எழுதினால் இசிநோசே என்ற பெயரில் ஒன்று இருக்கிறது, அவர்கள் முதல் அறை. யொத்சுயாவில் நான்கு, கோதாயில் ஐந்து, ரொப்போங்கியில் ஆறு. வெளியிலிருந்து வரும் போட்டிக்காரன் மிதாகா மூன்று. கோதாயைச் சுற்றி வரும் பெண்கள் நநாவோ ஏழு, யாகாமி எட்டு. ஒதோநாஷி என்றால் ஓசையற்றது என்று பொருள். அந்த எழுத்துக்களில் ஒன்று 'இல்லை' என்பதற்கான எழுத்து. அதாவது கியோகோ சூன்யம். அது அவள் பிறந்த வீட்டுப் பெயர் இல்லை, செத்துப்போனவன் கொடுத்த பெயர். பிறந்த வீட்டில் அவள் சிகுஸா, அதில் ஆயிரம் இருக்கிறது. ஆயிரமாகப் பிறந்து, சூன்யமாகி, கடைசியில் கோதாய் ஆகி ஐந்தாகிறாள். அவளுடைய பெற்றோர் ஒதோநாஷி குடும்பப் பதிவேட்டிலிருந்து பெயரை எடுத்துவிடு, வீட்டுக்கு வா என்று நச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். மாமனாரோ நல்ல மனிதர். நீ விரும்பினால் போகலாம் என்கிறார். போகச் சொல்கிறவர்களிடமும் விட்டுக்கொடுக்காமல், இருக்கலாம் என்கிறவர்களிடமும் ஒட்டாமல் அவள் அந்தச் சூன்யத்தில் ஆறேழு வருஷம் நிற்கிறாள். விளையாட்டு விளையாட்டாகவே கதையின் ஆதாரம் ஆகிவிடுகிறது.

அந்த ஆறேழு வருஷமும் கதைக்குள்ளேயும் ஓடுகின்றன. இது எளிதாகத் தெரியலாம், ஆனால் இந்த வகையில் இப்படிச் செய்தவர்கள் மிகக் குறைவு. பத்திரிகையில் ஒரு வருஷம் போனால் கதையிலும் ஒரு வருஷம் போகிறது. கோதாய் ஒரு மூன்றாந்தரப் பல்கலைக்கழகத்தில் இடம் வாங்குகிறான், படித்து முடிக்கிறான், வேலை தருகிறேன் என்ற சிறு கம்பெனி அவன் சேர்வதற்குள் மூழ்கிவிடுகிறது. ஒரு காபரேயில், ஆடும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போகிறான். அங்கேதான் தனக்குக் குழந்தைகளோடு ஒத்துப்போகிறது என்பது புரிகிறது. மழலையர் பள்ளி ஆசிரியருக்கான தேர்வு எழுதுகிறான். காதல் கைகூடுவதற்கு முன்னால் அவனுக்கு ஒரு ஜீவனோபாயம் கைகூட வேண்டியிருக்கிறது. இந்தக் கணக்கை நம் காவியக் காதலர்கள் யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

சொல்லாமல் இருப்பதுதான் தாமதத்துக்குக் காரணம் என்றும் இங்கே சொல்ல முடியாது. முதல் தொகுதியிலேயே கோதாய் குடித்துவிட்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி, கியோகோவைப் பிடித்திருக்கிறது என்று கத்திவிடுகிறான். சொல்லியாகிவிட்டது. அதற்கப்புறமும் பதினான்கு தொகுதிகள். சொல்லைத் தாண்டி வேறு ஏதோ வழிமறிக்கிறது. செத்துப்போனவன்தான்.

சோயிசிரோ அவளுக்குப் பள்ளிக்கூட வாத்தியார். பள்ளி முடிந்ததும் கல்யாணம். ஒரு வருஷம்கூட முடியவில்லை, போய்விட்டான். தகாஹாஷி அவன் முகத்தைக் கடைசி வரை வரையவே இல்லை. போட்டோவில்கூட நிழல் விழுந்திருக்கும். கோதாய் தன் எதிரியின் முகம் தெரியாமலே அவனோடு போட்டி போடுகிறான். செத்தவனுக்கு வயதாவதில்லை, வேலை போவதில்லை, அவன் குடித்துவிட்டு உளறுவதில்லை. அவனோடு எப்படி ஜெயிப்பது? இது போதாதென்று அந்த நாய். சோயிசிரோ வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அதற்கு ஷிரோ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயருக்கு அது திரும்பிப் பார்ப்பதில்லை. கியோகோ புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் இது ஓடிவரும். அவன் போன பிறகு அதற்கு அந்தப் பெயரே ஆகிவிட்டது. ஆகவே தினம் காலையில் அவள் வாசலில் நின்று செத்துப்போன புருஷனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள், ஒரு நாய் வாலை ஆட்டிக்கொண்டு வருகிறது. இதைப் படித்து முதலில் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது வேறு ஏதோ ஆகியிருந்தது.

என் பெரியம்மா மகள் ஒருத்தி 22 வயதில் புருஷனை இழந்தவள். மாயவரத்து வீட்டுக் கூடத்தில் அவன் படம் மாலையோடு இருக்கும். அக்கா பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள். எல்லோரும் அவளை மிகவும் மதித்தார்கள். அவள் இருக்கும் இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். கேலி, கிண்டல், கல்யாணப் பேச்சு எதுவும் அவள் காதில் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். கூட வேலை பார்த்த ஒருவர் அவளுக்குப் புத்தகங்கள் கொண்டுவந்து கொடுப்பார். அவருடைய கல்யாணப் பத்திரிகை வந்த அன்று சமையலறையில் பாத்திரங்கள் வழக்கத்தை விடக் கொஞ்சம் சத்தமாக வைக்கப்பட்டன. கூடத்தில் இருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது சிரித்திருக்கலாம் என்று இப்போது படுகிறது. யாராவது ஒருவர், என்னடி கோபம், என்று கேட்டிருக்கலாம்.

கியோகோவை அந்த வீட்டில் யாரும் மதிப்பதில்லை. யொத்சுயா அவளை வம்புக்கு இழுப்பான். இசிநோசே அம்மாள் விசிறியோடு ஆடிக்கொண்டே அவள் அந்தரங்கத்தைக் கிளறுவாள். கோதாய் வேறு பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான் என்று கேள்விப்பட்டால் கியோகோ துடைப்பத்தை ஆவேசமாக வீசிப் பெருக்குவாள். கோபமா என்று கேட்டால் இல்லை என்பாள். கோபமில்லையே என்று சிரித்த முகத்தோடு கதவை அறைந்து சாத்துவாள். தான் ஒருவனை நினைத்து உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் இன்னொருவன் வேறு எங்கும் பார்க்கவும் கூடாது. நியாயமே இல்லாத பொறாமை. அந்த நியாயமின்மையை தகாஹாஷி அவளுக்கு முழுசாகக் கொடுத்திருக்கிறார். நம் எழுத்தில் விதவைக்கு நியாயம் கேட்டவர்கள் உண்டு. மாதவையா 1903-லேயே 'முத்துமீனாட்சி'யில் மறுமணத்துக்காக வாதாடினார். அந்த வாதத்தின் தேவையையும் அதற்கு வேண்டியிருந்த துணிச்சலையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பின் வந்தவர்கள் நம் விதவைகளுக்குத் துயரத்தைக் கொடுத்தார்கள், தியாகத்தைக் கொடுத்தார்கள், ஆத்திரத்தைக்கூடக் கொடுத்தார்கள். சிரிப்புக்கிடமாகும் உரிமையைக் கொடுத்தவர்கள் அபூர்வம். சிரிப்புக்கிடமாவது எப்போதும் உயிரோடிருப்பவர்கள்தான்.

இதெல்லாம் ஆண்களின் பகற்கனவு, ஏப்ரன் கட்டிய அழகான மானேஜர் எந்த வாடகை அறைக்கு வருகிறாள் என்று கேட்கலாம். கேட்கட்டும். பகற்கனவாகத்தான் ஆரம்பிக்கிறது. கோதாயின் மனதில் அவள் ஈரத் தலையோடு, ரோஜா இதழ்களுக்கு நடுவில் எல்லாம் வந்துபோகிறாள். ஆனால் தொகுதிகள் போகப் போக அந்தக் கனவுக்கும் துடைப்பத்தோடு நிற்பவளுக்கும் சம்பந்தம் குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் அவன் கட்டிக்கொள்வது கனவில் வந்தவளை அல்ல, அந்தப் பொறாமைக்காரியை.

முடிவுக்கு முன்னால் கோதாய் தனியாகப் போய் சோயிசிரோவின் கல்லறை முன் நிற்கிறான். உன்னை அவள் மனதிலிருந்து அகற்ற மாட்டேன், உன்னையும் சேர்த்தே அவளை ஏற்கிறேன் என்ற பொருளில் பேசுகிறான். அவள் பின்னால் நின்று கேட்டுவிடுகிறாள். போட்டியில் அவன் ஜெயிக்கவில்லை, தோற்கவும் இல்லை, செத்தவனுக்கு ஓர் அறை ஒதுக்கிக் கொடுத்துவிடுகிறான். வாடகை வீட்டில் இருந்தவனுக்கு அது பழக்கமான காரியம். கல்யாணத்துக்கு அவள் வைக்கிற நிபந்தனை ஒன்றே ஒன்று. என்னை விட ஒரு நாளாவது அதிகமாக உயிரோடு இரு என்கிறாள். இதைக் காதல் வசனம் என்று கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு முறை அடிபட்டவள் கடைக்காரனிடம் உத்தரவாதம் கேட்கிற மாதிரி இருக்கிறது. அப்படி இருப்பதால்தான் மனதில் நிற்கிறது.

இதே காலத்தில் மித்சுரு அதாசி 'டச்' என்ற தொடரை வரைந்தார். 1981 முதல் 1986 வரை, 26 தொகுதிகள். அங்கேயும் போட்டிக்காரன் செத்தவன்தான். இரட்டையர் தத்சுயா, கஸுயா. பக்கத்து வீட்டு மினாமி. கஸுயா பேஸ்பால் வீரன், ஒழுங்கானவன், எல்லோரும் மெச்சுகிறவன். அண்ணன் தத்சுயா சோம்பேறி. மாகாண இறுதி ஆட்டத்தன்று காலையில், மைதானத்துக்குப் போகும் வழியில், ஒரு குழந்தையைக் காப்பாற்றப்போய் கஸுயா லாரியில் அடிபட்டுச் சாகிறான். லேசான பள்ளிக்கூடக் கதை என்று நம்பி வாராவாரம் வாங்கிக்கொண்டிருந்த பையன்களுக்கு நடுத்தொடரில் இப்படி ஒரு அடி. விபத்தை அதாசி வரைவதில்லை. மேகம், காலி மைதானம், யாரும் இல்லாத தெரு என்று வெற்றுக் கட்டங்களை வைத்துக்கொண்டே போகிறார். மினாமி ரயில் பாலத்தின் கீழே, ரயில் ஓடும் சத்தத்துக்குள் அழுகிறாள். நாயகன் கடைசியில் கோஷியென் தேசியப் போட்டிக்குப் போகிறான். ஆட்டங்களை அதாசி காட்டவில்லை. ஜெயித்ததற்கு அடையாளமாக ஒரு நினைவுத் தட்டு, அவ்வளவுதான். இவ்வளவு மௌனத்தை வாரப் பத்திரிகையின் மலிவுக் காகிதத்தில் அச்சடித்து லட்சக்கணக்கில் விற்றிருக்கிறார்கள்.

எண்பதுகளின் இரண்டு பெரிய காதல் நகைச்சுவைகளிலும் நடுவில் ஒரு பிணம் கிடப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. தாமதத்துக்கு நேர்மையான காரணம் தேடிய இருவரும் தனித்தனியே ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

'மெய்சோன் இக்கொகு'வில் குறை இல்லாமல் இல்லை. நடுத்தொகுதிகள் இழுவை. கொஸுயே என்ற பெண்ணை கோதாய் வருஷக்கணக்கில் மறுத்துச் சொல்லாமல் இழுத்தடிப்பதை ஹாஸ்யமாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே தொலைபேசி இருந்த காலம், தவறான சேதிகளும் தவறிய சந்திப்புகளும் அதனால் நிறைய. ஆனால் எல்லாவற்றுக்கும் தொலைபேசியைக் குற்றம் சொல்ல முடியாது. டென்னிஸ் பயிற்சியாளன் மிதாகாவை அப்புறப்படுத்திய விதமும் கொஞ்சம் அக்கிரமம். அவனுக்கு நிச்சயிக்கப் பார்த்த அசுநா கர்ப்பம் என்று யாரோ சொல்ல, குடிபோதையில் தன்னால்தான் ஏதோ நடந்துவிட்டது என்று பயந்து அவளைக் கட்டிக்கொள்ள ஒப்புக்கொள்கிறான். கர்ப்பமானது அசுநாவின் நாய். காரணம் இவனுடைய நாய். நாய் என்றாலே நடுங்கிக்கொண்டிருந்தவன், பயத்தை ஜெயிக்க வாங்கி வளர்த்த நாய் அது. அக்கிரமம்தான், ஆனால் இத்தனை கச்சிதமாகப் பின்னப்பட்ட அக்கிரமத்தை மறுப்பதும் கஷ்டம்.

அனிமே 1986 மார்ச்சிலிருந்து 1988 மார்ச் வரை, 96 பகுதிகள். 'உருசேய் யாத்சுரா' முடிந்த அடுத்த வாரம், அதே சேனலில் அதே நேரத்தில் வந்தது. லம்மைப் பார்க்க உட்கார்ந்த குழந்தைகளுக்கு ஒரு விதவையைக் காட்டினார்கள். இட்டு நிரப்பிய பகுதிகள் உண்டு, இசை சில இடங்களில் அழுத்தி அழ வைக்கப் பார்க்கிறது. ஆனால் கியோகோவுக்குக் குரல் கொடுத்த சுமி ஷிமாமோதோவை மறக்க முடியாது. மியாசாகியின் நௌசிகாவுக்குப் பேசியவரும் அவரே. கோபமில்லை என்று சொல்லும்போது அந்தக் குரல் ஒரு அரை இழை இறுகும். வரைந்த படத்தில் இல்லாத ஒன்று அது.

பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் வீட்டை எடுத்துக்கொண்டு கடிகாரத்தை விட்டுவிட்டார்கள். 'லவ் ஹினா' 1998-இல் வந்தது. மறுபடியும் நுழைவுத் தேர்வில் தோற்றவன், மறுபடியும் பழைய விடுதி. ஆனால் விதவை இல்லை, அவளுக்குப் பதில் பெண்கள் கூட்டம். துயரத்தை எடுத்துவிட்டு எண்ணிக்கையைப் போட்டார்கள். 2017-இல் தொடங்கிய 'குவின்டஸன்ஷியல் குவின்டப்லெட்ஸ்' இன்னும் ஒரு படி மேல். ஒரே முகமுள்ள ஐந்து சகோதரிகள், முதல் பக்கத்திலேயே கல்யாணம், மணப்பெண் ஐவரில் யார் என்பது 14 தொகுதிகள் கழித்து. இது காதல் கதையே இல்லை, துப்பறியும் கதை. கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறார்கள், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஆகா அகாசகாவின் 'காகுயா-சாமா', 2015 முதல் 2022 வரை, முதலில் சொல்கிறவர் தோற்றவர் என்ற விதியை வைத்துக்கொண்டு காதலைச் சதுரங்கம் ஆக்கியது. தாமதத்தை அகங்காரத்தின் வேலை என்று அடையாளம் கண்டதில் கூர்மை இருக்கிறது. முன்பாதியில் நான் வாய்விட்டுச் சிரித்த பக்கங்கள் பல. சொல்லியான பிறகு என்ன செய்வது என்ற திணறலும் தெரிகிறது. அந்தத் திணறலிலேயே ஆரம்பித்தவர் மசாமி த்சுதா. 1995-இல் தொடங்கிய அவருடைய 'கரேகானோ'வில் நாயகியும் நாயகனும் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொண்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு இருவரும் ஊருக்குப் போட்ட வேஷம் ஒருவர் முன் ஒருவர் கழன்று விழுகிறது. பத்து வருஷம், 21 தொகுதிகள். கடைசித் தொகுதிகள் எனக்கு உவப்பாக இல்லை. முதல் சில தொகுதிகளுக்காக அவரை மன்னிக்கலாம்.

'மெய்சோன் இக்கொகு'வை நான் படித்தது ஆங்கிலத்தில். 2020-இலிருந்து பத்துத் தொகுதிகளாகப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. நல்ல பதிப்புதான். ஆனால் ஆங்கிலம் வழியாக ஜப்பானியத்தைப் படிக்கிற தமிழனுக்கு ஒரு விசித்திரமான அவஸ்தை உண்டு. கோதாய் அவளைக் கூப்பிடுவது 'கான்ரிநின்-சான்' என்று. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் என்று அர்த்தம். சான் என்பது நம் 'ங்க' மாதிரி ஒரு மரியாதை. குடித்திருக்கும்போதும், பதறும்போதும், மிகச் சில முக்கியமான கணங்களிலும் மட்டும்தான் 'கியோகோ-சான்' என்று பெயர் வெளியே வருகிறது. அப்போதும் மரியாதை ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பதவியிலிருந்து பெயருக்கு வருகிற அந்த ஓரடி தூரத்தில்தான் 15 தொகுதிகளும் நடக்கின்றன. ஆங்கிலத்தில் இது பெரும்பாலும் கரைந்துபோகிறது. அந்த மொழிக்கு 'யூ' ஒன்றுதான் கதி. அனிமேயில் காது ஒன்றைக் கேட்கிறது, கீழே ஓடும் எழுத்து வேறொன்றைச் சொல்கிறது.

தமிழில் இதைச் செய்யலாம். நமக்கு நீ உண்டு, நீங்கள் உண்டு, மனைவியை வாங்க போங்க என்கிறவனும் உண்டு. இரண்டு வயது மூத்தவளை நேசிக்கிறவன் எந்த நாளில் எந்த விகுதியை விடுவான் என்பது நம் காதுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிக்கல் அந்த முதல் சொல்லில்தான். 'மானேஜர்' என்றால் பாங்க் ஞாபகம் வருகிறது. 'வீட்டுக்காரம்மா' என்றால் சொந்தக்காரி ஆகிவிடுகிறாள். வீடு மாமனாருடையது, அது கதைக்கு முக்கியம். தவிர நம் ஊரில் புருஷன்மார் மனைவியைச் சொல்வதும் அப்படித்தான். கடைசித் தொகுதிக்கு அது பொருந்தும், முதல் தொகுதியில் மானம் போய்விடும். 'மானேஜரம்மா' என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அந்த 'அம்மா' அவளுக்குப் பத்து வயதைக் கூட்டிவிடுகிறது. நண்பர் ஒருவர் 'மேடம்' போட்டுவிடு என்கிறார். அதற்கு ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம்.